வேலை வாங்கிக் கொடுக்கும் இடத்தில் வேலை பார்ப்பது

ரெக்ரூட்மென்ட் கன்சல்டன்சியில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, அந்தக் கம்பெனிக்குக் காசு எப்படி வருகிறது, எப்போது கைக்கு வருகிறது என்பதைத்தான். கேட்டவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள். எம்.டி. நல்லவரா, டீம் எப்படி, சனிக்கிழமை லீவா என்பதைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று வந்திருப்பார்கள். அதெல்லாம் முக்கியம்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்வியின் பதிலிலிருந்தே ஊகித்துவிடலாம் என்பது என் அனுபவம். கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன கன்சல்டன்சி, அப்புறம் கிண்டியில் அமெரிக்க வேலைகளுக்கு ஆள் பிடிக்கும் ஒரு இரவு ஷிஃப்ட் கம்பெனி, இப்போது கன்சல்டன்சிகளிடம் ஆள் கேட்கும் ஒரு தொழிற்சாலையின் ஹெச்.ஆர். பிரிவு என்று மூன்று விதமாகவும் பார்த்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

நம் ஊரில் நிரந்தர வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் கன்சல்டன்சிகள் பொதுவாகக் கேட்கும் ஃபீஸ் 8.33 சதவீதம். ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுருக்கமாக ஒரு மாதச் சம்பளம். 12 லட்சத்துக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டால் கிட்டத்தட்ட 1 லட்சம் வரும், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவோம், அது நம் காசு இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா, ஆனால் ஆள் போய் உட்கார்ந்தால்தான் இன்வாய்ஸே போட முடியும். ஜனவரியில் ப்ரொஃபைல் (ஆளின் விவரம்) அனுப்புகிறோம், மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடிந்து பிப்ரவரி நடுவில் ஆஃபர் வருகிறது, ஐ.டி. ஆள் என்றால் 90 நாள் நோட்டீஸ் பீரியட், ஆக மே நடுவில் ஜாயினிங், அதற்குப் பிறகு கிளையன்ட் (ஆள் கேட்ட கம்பெனி) 45 நாளோ 60 நாளோ எடுத்துக்கொண்டு ஜூலையில் பணம் போடுவார்கள். சேர்ந்தவர் 90 நாளுக்குள் ஓடிவிட்டால் வேறு ஆள் இலவசமாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று அக்ரிமென்ட்டில் இருக்கும், அது ஆகஸ்ட் வரை தலைமேல் தொங்கும். இந்த ஏழெட்டு மாதமும் வாடகை, கரண்ட், நௌக்ரி வேலைத்தளத்தின் லாகின், லிங்க்ட்இன் சந்தா, எங்கள் சம்பளம் எல்லாம் எம்.டி. கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் காலை பத்து மணி மீட்டிங்கில் அவர் ஏன் அப்படிக் கத்துகிறார் என்பது புரியும். புரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த சமயம் ஐ.டி.யில் ஆள் பிடிக்கும் போட்டி உச்சத்தில் இருந்தது. 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த ஆட்கள் வெளியேறும் விகிதம் 28.4 சதவீதம். ஒரு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த 90 நாளில் இன்னும் இரண்டு மூன்று ஆஃபர் வாங்குவது எல்லோரும் செய்த காரியம். ஜாவாவில் நாலு வருட அனுபவம் உள்ள ஒரு பையன், அவ்வளவு மரியாதையாகப் பேசுவான், வாராவாரம் போன் செய்து நலம் விசாரித்தால் "கண்டிப்பா ஜாயின் பண்றேன் மேம்" என்பான், ஜாயினிங் தேதி காலையில் போன் ஸ்விட்ச் ஆஃப். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதிகச் சம்பளம் கிடைத்தால் யார்தான் போக மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஆபீசில் அதன் விலையைக் கொடுப்பது ரெக்ரூட்டர்தான். "நீ கேண்டிடேட்டைச் சரியா ஹேண்டில் பண்ணல" என்ற ஒற்றை வாக்கியத்தில் மூன்று மாத ஃபாலோ-அப் காணாமல் போய்விடும்.

கோடம்பாக்கம் ஆபீஸ் உண்மையில் ஒரு வீட்டின் மாடி போர்ஷன். ஹாலில் ரெக்ரூட்டர்கள், பெட்ரூமில் எம்.டி. சார், சமையலறையில் பிரிண்டரும் வாட்டர் கேனும். ஹால் சுவரில் ஒரு வெள்ளை போர்டு, அதில் எல்லோர் பெயரும், பக்கத்தில் எத்தனை ப்ரொஃபைல், எத்தனை லைன்-அப் (இன்டர்வியூவுக்கு ஏற்பாடானது), எத்தனை ஜாயினிங் என்று கட்டம். மாதக் கடைசியில் ஜாயினிங் கட்டம் காலியாக இருப்பவர்களின் பெயரைச் சிவப்பு மார்க்கரில் எழுதுவார்கள். டீக்கடைப் பையன் உட்பட வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரியும் இந்த மாதம் யார் சிவப்பு என்று. சார் கெட்டவர் இல்லை. கிளையன்ட்டிடமிருந்து பெரிய தொகை வந்த அன்று எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தருவார், என் தோழியின் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலேயே பணம் கொடுத்தார். அதே மனிதர் இரண்டு வாரம் கழித்து, எழுதக் கூசும் வார்த்தைகளில் அவளையே எல்லோர் முன்னாலும் பேசினார். அவருடைய முகத்தைப் பார்த்தே பேங்க் பேலன்ஸைச் சொல்லிவிடலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.

7ஆம் தேதி வர வேண்டிய சம்பளம் 12, சில மாதம் 18 என்று தள்ளிப்போகும். கேட்டால் "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்பார்கள். மூன்று நாள் பத்து நிமிடம் லேட்டாக வந்தால் அரை நாள் சம்பளம் பிடிக்கும்போது மட்டும் அது குடும்பமாக இருக்காது. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் லீவு போட்டால் நடுவில் உள்ள ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் லீவாகக் கணக்கிடும் பழக்கம் வேறு. அக்கவுன்ட்ஸ், ஹெச்.ஆர்., புகார் கேட்பது எல்லாமே சாருடைய மனைவிதான், மேடத்திடம் சாரைப் பற்றி என்ன புகார் சொல்வது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொந்தரவை விசாரிக்க உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதே எனக்கு அடுத்த கம்பெனியின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துத்தான் தெரியும்.

இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறைக்கு ஆட்களை இழுப்பதே அதுதான். அடிப்படைச் சம்பளம் குறைவு, "ஆனா இன்சென்டிவ்ல டபுள் எடுக்கலாம்" என்பார்கள். எடுத்தவர்களும் உண்டு. நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இன்சென்டிவ் எத்தனை சதவீதம் என்பதைவிட, அது எந்தக் கட்டத்தில் உங்கள் பணமாகிறது என்பதை. ஆள் சேர்ந்ததுமா, கிளையன்ட் பணம் கொடுத்த பிறகா, 90 நாள் ரீப்ளேஸ்மென்ட் காலம் முடிந்த பிறகா? கிளையன்ட் பேரம் பேசி ஃபீஸைக் குறைத்தால் உங்கள் பங்கும் குறையுமா? கொடுத்த பிறகு ஆள் ஓடிவிட்டால் உங்கள் அடுத்த சம்பளத்தில் பிடிப்பார்களா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, பணம் வருவதற்குள் நீங்கள் ராஜினாமா செய்தால்? பெரும்பாலான இடங்களில் அன்றைக்கு வேலையில் இருப்பவருக்குத்தான் இன்சென்டிவ். மேலே சொன்ன ஜனவரி-ஆகஸ்ட் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள், எந்த மாதம் வேலையை விட்டாலும் ஏதோ ஒரு பணம் பின்னால் தங்கித்தான் போகும். ஆஃபர் லெட்டரில் "கம்பெனி கொள்கைப்படி இன்சென்டிவ்" என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கொள்கை எழுதிய தாளைக் கேளுங்கள். தாள் இல்லை, வாய்ப்பேச்சுதான் என்றால், பேசியதை அன்று மாலையே ஒரு மெயிலாக எழுதி, "இன்று நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே" என்று அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் அந்த மெயில் இருக்கும்.

அந்த ஆபீசில் நான் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் எங்கள் டீம் லீடர் அக்கா. அவருக்கு எம்.பி.ஏ. எல்லாம் கிடையாது, கரூர்ப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்து டெலிகாலராகச் சேர்ந்து மேலே வந்தவர். போர்டைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். புதிதாக ஒரு ரெக்வயர்மென்ட், அதாவது ஆள் தேவை வந்தால், ஜேடியை (வேலை விவரத் தாளை) எங்களிடம் தள்ளிவிட்டுப் போகாமல் முதலில் அவரே கிளையன்ட்டுக்கு போன் போடுவார். இந்த இடம் ஏன் காலியானது, இதுவரை யாரையெல்லாம் பார்த்து எதற்காக வேண்டாம் என்றார்கள், சொன்ன பட்ஜெட்டுக்கு மேல் எவ்வளவு வரை போவார்கள், இந்த மூன்றையும் கேட்டு வாங்காமல் போனை வைக்க மாட்டார். அந்த மூன்று பதில் இருந்தால் நாற்பது பேருக்கு போன் செய்கிற இடத்தில் பன்னிரண்டு பேருக்குச் செய்தால் போதும். நாங்கள் போனில் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், பேசி முடித்ததும் "அவர் நோட்டீஸ் பத்திக் கேட்கும்போது கொஞ்சம் தயங்கினார் பாரு, அங்க இன்னொரு ஆஃபர் இருக்கு" என்பார், பத்துக்கு எட்டு முறை சரியாக இருக்கும்.

இன்டர்வியூவில் தேறாதவர்களுக்கும் போன் செய்து சொல்ல வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. எங்களுக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது, எங்கள் வேலைக் கணக்கை எழுதும் டிராக்கரில் அதற்குக் கட்டமே கிடையாது. ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர்கள்தான் தங்கள் நண்பர்களின் நம்பரைக் கொடுத்தார்கள், ஒரு வருடம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். ஆள் கடைசி நேரத்தில் சேராமல் ட்ராப்-அவுட் ஆனால் சாரின் அறைக்குள் அவர் மட்டும் போவார். கதவு சாத்தியிருந்தாலும் சத்தம் கேட்கும். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு "சரி, அந்த ரெக்வயர்மென்ட்டுக்கு பேக்-அப் யாரு இருக்கா" என்று கேட்பார், அவ்வளவுதான். உள்ளே என்ன பேச்சு வாங்கினார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. ஒரு சம்பள உயர்வுத் தகராறில் அவர் வெளியேறினார், அடுத்த சில மாதங்களில் டீமில் பாதி காலி. சாருக்குக் கடைசிவரை புரியவில்லை, "அந்தம்மா ஆளுங்களைக் கலைச்சிட்டாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கிண்டி கம்பெனி வேறு உலகம். அங்கே பெரும்பகுதி கான்ட்ராக்ட் வேலை. அமெரிக்காவில் ஒரு டெவலப்பரை மணிக்கு 70 டாலருக்குக் கிளையன்ட்டிடம் போட்டு, அவருக்கு 60 டாலர் கொடுத்தால், அவர் வேலை செய்யும் ஒவ்வொரு மணி நேரமும் 10 டாலர் மார்ஜின், அதில் வரி, இன்ஷூரன்ஸ் போக மீதி. ப்ராஜெக்ட் ஓடும்வரை அது நிற்காது. எனவே ஒரு ஆள் சேர்ந்து, நின்று, இன்வாய்ஸ் பாஸாகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலைமை அங்கே இல்லை. சம்பளம் மாதக் கடைசி வேலை நாளில் கிரெடிட் ஆகிவிடும், பி.எஃப். ஒழுங்காக ஏறும். எம்.டி.யை நான் பார்த்ததே அபூர்வம்.

அழுத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஒரு வேலைக்கு ஒரே நேரத்தில் பல வெண்டர்கள் ஆள் அனுப்புவார்கள், முதலில் போகும் நல்ல ப்ரொஃபைலுக்கே வாய்ப்பு அதிகம், ஆகவே எல்லாமே வேகமும் எண்ணிக்கையும். இன்றைக்கு எத்தனை சப்மிஷன், அதாவது எத்தனை ப்ரொஃபைல் அனுப்பினாய் என்பதுதான் ராத்திரி முழுக்க ஒரே பேச்சு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் 7.30. மார்ச்சில் மறுபடி மாறும். வருடத்துக்கு இரண்டு முறை நம் தூக்கமும் சாப்பாடும் ஒரு மணி நேரம் நகரும், வீட்டில் உள்ளவர்களுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த மாற்றம் வந்துவிடும். போனில் என் பெயர் வேறு, பெயரைச் சொல்லிப் புரியவைப்பதிலேயே போன் பேச்சு முடிந்துவிடும் என்பார்கள். பக்கத்து சீட்டில் இருந்த திருவண்ணாமலைக்காரர் கெவின். மூன்று மணிக்கு டீ குடிக்கப் போகும்போதும் கெவின் என்றே கூப்பிடுவோம், அவர் கல்யாணப் பத்திரிகை வந்தபோதுதான் சிலருக்கு அசல் பெயரே தெரிந்தது.

பெண்கள் இந்த ஷிஃப்டில் சேர்வதாக இருந்தால் வண்டி விஷயத்தை ஆஃபருக்கு முன்பே பேசிவிட வேண்டும். தமிழ்நாட்டில் இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலை செய்ய வைக்க எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், பாதுகாப்பும் வண்டி வசதியும் செய்ய வேண்டும் என்பது விதி. எங்கள் கம்பெனியில் கேப் உண்டு, ஆனால் முதலில் யாரை இறக்குவது, கடைசியில் ஒரு பெண் தனியாக மிஞ்சினால் செக்யூரிட்டி கூட வருவாரா, ஷிஃப்ட் முடிந்தும் மேனேஜர் ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் கேப் நிற்குமா என்பதெல்லாம் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் கேட்டால்தான் தெரியும். ஹெச்.ஆரிடம் கேட்டால் எல்லாம் இருக்கிறது என்பார்.

காசு வரும் வழி எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது பாதிதான் என்று புரிந்ததும் இங்கேதான். ஒரே தளம், ஒரே டார்கெட், ஒரே இன்சென்டிவ் தாள், ஆனால் இரண்டு மேனேஜர்கள். ஒருவர் ஒவ்வொரு மணி நேரமும் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோருடைய எண்ணிக்கையையும் போட்டு, பூஜ்யம் உள்ளவர்களை டேக் செய்வார். பாத்ரூம் போனால்கூட "எங்கே" என்று மெசேஜ் வரும். இன்னொருவர் தினமும் ஷிஃப்ட் தொடக்கத்தில் வந்திருக்கும் வேலைகளைப் பார்த்து, இதில் இந்த ஐந்து வேலை உண்மையானது, மீதி எல்லாம் வெறும் ரெஸ்யூமே சேர்க்கப் போட்டது, அதைத் தொடாதீர்கள் என்று பிரித்துக் கொடுத்துவிடுவார். முதலாமவர் டீம் சப்மிஷன் எண்ணிக்கையில் எப்போதும் முன்னால், இரண்டாமவர் டீமில்தான் ஆட்கள் ப்ராஜெக்டில் சேர்ந்தார்கள். டார்கெட் கம்பெனி கொடுப்பது. அதை அடிவாங்கும்படிச் செய்வதும் வேலையாகும்படிச் செய்வதும் நடுவில் இருக்கும் அந்த ஒரு ஆள்தான். ஆகவே இன்டர்வியூவில் கம்பெனியைப் பற்றிக் கேட்ட அதே அளவு, நான் யாரிடம் ரிப்போர்ட் செய்வேன், அவரிடம் ஐந்து நிமிடம் பேச முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

ரெஸ்யூமே விவகாரம். இதை மூடி மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை, பெஞ்ச் சேல்ஸ் (ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பது) பக்கம் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் செய்தவரை ஏழு வருடம் என்று போடுவது, செய்யாத ப்ராஜெக்டைச் சேர்ப்பது, இன்டர்வியூவில் வேறொருவர் பேசுவது. முதல் மேனேஜர் "கொஞ்சம் டிங்கரிங் பண்ணி அனுப்பு" என்பார், மெயிலில் ஒருபோதும் எழுத மாட்டார், நேரில் வந்து காதோரம் சொல்வார். நான் மாட்டேன் என்றேன், பெரிய வீரமெல்லாம் இல்லை, சப்மிஷன் மெயிலில் இருப்பது என் பெயர் என்ற பயம். "சார், இதை மெயில்ல சொல்லிடுங்க, பண்ணிடறேன்" என்று கேட்டேன். அதற்குப் பிறகு எனக்கு நல்ல ரெக்வயர்மென்ட்கள் வருவது குறைந்தது, அது ஒரு தண்டனை. ஆனால் அந்தக் காரியத்தை மறுபடி என்னிடம் கேட்கவில்லை. இந்த நெருக்கடி வந்தால் சண்டை போடவோ பாடம் எடுக்கவோ வேண்டியதில்லை, எழுத்தில் கேட்டால் போதும், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

அந்த போன்களின் இன்னொரு முனையில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க வேலை விசாவான எச்-1பியில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அதற்குள் வேறு ஒரு கம்பெனி மனு போட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். குழந்தை ஸ்கூலில் படிக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நாளை எண்ணுகிறவர்களிடம் பேசுவதுதான் எங்கள் வேலை. அவருடைய அவசரத்தைப் பயன்படுத்தி ரேட்டைக் குறைக்கச் சொல்லும் மேலிடமும் உண்டு, அவரிடம் இந்த வேலைக்கு உங்களுக்கு வாய்ப்பில்லை, நேரத்தை வீணாக்காதீர்கள் என்று சொல்ல அனுமதிக்கும் மேலிடமும் உண்டு. 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் கையெழுத்துப் போட்ட அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி நான் அங்கே இல்லை, ஆனால் பழைய நண்பர்கள் சொன்னார்கள். இரண்டாவது மேனேஜர் மறுநாள் சனிக்கிழமை என்றும் பார்க்காமல் டீமை அழைத்து, தெரிந்தது இது, தெரியாதது இது, தெளிவாகும் வரை கேண்டிடேட்டுகளிடம் யாரும் எதுவும் உறுதியாகச் சொல்லாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அது புது மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்று அமெரிக்க அரசு விளக்கம் கொடுத்ததும் அதையும் உடனே அனுப்பியிருக்கிறார். அடுத்த டீமில் வேலை போகுமா போகாதா என்று திங்கட்கிழமை வரை வதந்தி ஓடியிருக்கிறது.

வேலையை விடும்போது நடக்கும் கூத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் ஒரு கம்பெனியின் அசல் முகம் அப்போதுதான் தெரியும். அடுத்தவர்களின் ரிலீவிங் லெட்டரைத் தினமும் கேட்டு வாங்கும் கன்சல்டன்சி, தன் ஊழியருக்கு அதைக் கொடுக்க இரண்டு மாதம் இழுக்கும். முதல் விஷயம், ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும், சரிபார்க்க வேண்டுமானால் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். ஊரில் ஒரிஜினலை வைத்துக்கொண்டு பாண்டு (இத்தனை காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம்) பேசும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டாவது, விலகிய பிறகு ஒரு வருடம் வேறு ரெக்ரூட்மென்ட் கம்பெனியில் சேரக்கூடாது என்று எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, வேலையை விட்ட பிறகு அந்த ஷரத்து நிற்காது. ஆனால் கேண்டிடேட் டேட்டாவை, கிளையன்ட் பட்டியலை பென் டிரைவில் எடுத்துப்போவது வேறு விஷயம், அதில் மாட்டினால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். வேலையில் இருக்கும்போதே ஒரு நிபந்தனையை மீறிக் கிளம்புவதற்கான பாண்டு தொகையும் வேறு கதை, பயிற்சிக்கு உண்மையிலேயே செலவு செய்திருந்தால் நீதிமன்றம் அதை ஏற்க வாய்ப்பு உண்டு, 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது. கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"நாளையிலிருந்து வராதே" என்று சொல்லப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் அனுப்பக்கூடாது என்கிறது. இதைச் சொல்லி ஒரு மெயில் போட்ட என் தோழிக்கு, வழக்கு எதுவும் போடாமலேயே ஒரு மாதச் சம்பளம் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகினாலும் விலக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது, 45 நாள் கழித்து ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்குத் தீர்ப்பது) என்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

பி.எஃப். பணத்தை மாதாமாதம் பாஸ்புக்கில் பாருங்கள். சம்பளத்தில் பிடித்ததாக ஸ்லிப்பில் இருக்கும், அங்கே ஏறியிருக்காது. 20 பேர் இருந்தால்தான் பி.எஃப். கட்டாயம் என்பதால் ரிஜிஸ்டரில் 19 பேரையே காட்டிக்கொண்டிருக்கும் இடங்களும் உண்டு, மீதிப் பேர் "கன்சல்டன்ட்". உங்கள் ஆஃபர் லெட்டரில் உங்களையே கன்சல்டன்ட் என்று போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சேர்வதற்கு முன் இணையத்தில் ரிவ்யூ பார்க்கத்தான் செய்வீர்கள். எல்லாம் பார்த்து முடித்தபின் தேதியைப் பாருங்கள், ஒரே வாரத்தில் வரிசையாக ஐந்து நட்சத்திரம் விழுந்திருந்தால் மேலிருந்து உத்தரவு போயிருக்கிறது என்று அர்த்தம், நாங்களே உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். ஒரு நட்சத்திரம் கோபத்தில் எழுதியது, அதையும் தள்ளிவிடலாம். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் எழுதிய குறைகளை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலும் அதுதான் உண்மை. அக்கா கிளையன்ட்டிடம் கேட்ட முதல் கேள்வியை நீங்களும் கேட்கலாம், இந்த சீட் ஏன் காலியானது, இதற்கு முன் இருந்தவர் எங்கே? டீமில் அதிக நாள் இருப்பவர் யார், போன காலாண்டில் எத்தனை பேருக்கு இன்சென்டிவ் கையில் கிடைத்தது? பதிலைவிட, பதில் சொல்ல அவர் எடுக்கும் நேரம் நிறையச் சொல்லும்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் எனக்குப் பழைய எம்.டி. மாதிரியானவர்கள் தினமும் போன் செய்கிறார்கள். "மேடம், அந்த இன்வாய்ஸ்..." என்று ஆரம்பிக்கும்போதே எனக்குத் தெரியும், அங்கே ஹாலில் யாரோ பேச்சு வாங்கப் போகிறார்கள். எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவு கன்சல்டன்சி இன்வாய்ஸ்களை அடியில் போட்டு வைப்பதை வழக்கமாக வைத்திருந்தது, கெஞ்சியும் நடக்கவில்லை. நடந்தது எதனால் என்றால், குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, அப்படிக் கொடுக்காவிட்டால் கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவில் சேர்த்துவிட்டார்கள். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து அது அமலில் இருக்கிறது. இதை எங்கள் ஆடிட்டர் சொன்ன பிறகு மார்ச் மாதத்தில் கன்சல்டன்சி பில்கள் எல்லாம் மேலே வந்துவிட்டன. ஆனால் உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருப்பது எங்களுக்குத் தெரிந்தால்தான் அந்த வரிசையில் வைப்போம், பாதிப் பேர் பதிவு எண்ணை இன்வாய்ஸில் போடுவதே இல்லை. கன்சல்டன்சி நடத்துபவர் யாராவது இதைப் படித்தால் முதலில் அதை அச்சடியுங்கள், ஜி.எஸ்.டி. நம்பருக்குக் கீழேயே போட்டுவிடலாம்.